கீழ்க் கிண்ணம் உட்காராத நாள்

"வீட்டிலேயே பத்து நிமிடத்தில் ஹாண்டில் கோன் செற் மாற்றுவது எப்படி" என்று ஒரு வீடியோவைப் போன கிழமை எனக்கு ஒருவர் காட்டினார். பின்னால் பாட்டு ஓடுகிறது. வேலை செய்கிற ஆள் கையுறை போட்டிருக்கிறார், அந்தக் கையுறையில் ஒரு பொட்டுக் கிறீஸ் இல்லை. ஒரே அடி, பழைய கிண்ணம் கழன்று தரையில் விழுகிறது. அது எத்தனையாவது அடி என்று படத்தில் காட்டவில்லை. முப்பது வருடம் துருப்பிடித்துக் கிடந்த கிண்ணம் ஒரே அடியில் விழுமென்றால், நான் ஏன் இந்த வயதில் தோள்மூட்டுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு திரிகிறேன்?

தம்பிமாரே, உங்களில் முக்கால்வாசிப் பேர் அந்த வீடியோவைப் பார்த்துத்தான் தொழில் செய்கிறீர்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம் இருந்தோம் என்பீர்கள். இருந்தீர்கள், நான் இல்லையென்று சொல்லவில்லை. உங்கள் கராச் சுவர்களைப் பார்க்கிறேன். நட்டுக் கழற்றுகிற சாவிகள் வரிசையாகத் தொங்குகின்றன, ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவம் சிவப்பு மையால் வரையப்பட்டிருக்கிறது. அறுக்கமாட்டாதவன் இடுப்பில் ஐம்பத்தெட்டு அரிவாள் என்று சும்மாவா சொன்னார்கள். உங்களோடு படித்து வந்த அந்த ஒரேயொரு தங்கச்சி மட்டும் நாலு சாவியை வைத்துக்கொண்டு ஒழுங்காக வேலை செய்கிறாள். அவளிடம் போய்க் கேட்க உங்களுக்கு வெட்கம்.

உங்கள் திருத்துநர் சங்கத்தின் ஆண்டுவிழாவுக்கு வந்து நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். வந்தால் பொன்னாடை போர்த்துவீர்கள், "எங்கள் தொழிலின் தூண்" என்பீர்கள், பிறகு கொத்துரொட்டி சாப்பிடப் போய்விடுவீர்கள். ஆகவே எழுதித் தருகிறேன். பெருமையான கதை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். நான் ஓய்வெடுத்த பிறகு, என் வீட்டோடு சாய்த்து இறக்கிய பத்தியில் வைத்து, ஒரு பழைய மோட்டார் சைக்கிளுக்குக் கோன் செற் மாற்றிய கதை இது. உங்களை ஏளனம் செய்கிற அளவுக்கு என்னையும் செய்யப்போகிறேன், கணக்குச் சரியாக இருக்கட்டும்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு விஷயம். மோட்டார் சைக்கிளின் கழுத்துக் குழாயில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு உருக்குக் கிண்ணங்கள் இறுகியிருக்கும். அவற்றுக்குள் ஓடுகிற குண்டுகளின் மேல்தான் ஹாண்டில் திரும்புகிறது. இதெல்லாம் சேர்ந்ததுதான் கோன் செற். கிண்ணத்தில் குழி விழுந்தால் ஹாண்டில் நடுவில் கொளுவிப் பிடிக்கும். புதுக் கிண்ணத்தை அடித்து ஏற்றும்போது அது கடைசிவரை போய் உட்கார வேண்டும். உட்காராத கிண்ணத்தின் மேல் எல்லாவற்றையும் பூட்டி இறுக்கினாலும் கைக்கு நல்லாகத்தான் இருக்கும். ஆனால் ஓட்டத்தில் நாலு பள்ளம் விழுந்து எழும்பியதும், கீழ்க் கிண்ணம் தானாக மேலே ஏறும். ஏறியதும் முன்பக்கம் முழுக்கத் தளர்ந்து ஆடும். எந்த இடத்தில் ஆடலாம் என்று அது உங்களிடம் கேட்டுவிட்டு ஆடாது.

கிண்ணம் உட்கார்ந்துவிட்டதா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? காதால்தான். அழுத்தி ஏற்றுகிற கருவி எதுவும் எங்களிடம் இருந்ததில்லை. சண்டைக் காலத்தில், சாமான் வராத வருடங்களில் புதுக் கிண்ணமே கிடைக்காது. பழையதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, குழி விழுந்த பக்கத்தை ஓரமாக்கி, சைக்கிள் குண்டுகளைப் பொறுக்கிப் போட்டு ஓடவிட்டோம். இடம்பெயர்ந்த இடமெல்லாம் ஒரு சுத்தியலும் ஒரு முழ நீளக் குழாய்த் துண்டும் என்னோடு வந்தன. கிண்ணத்தில் குழாயை வைத்து அடித்தால் முதலில் "டொக், டொக்" என்று கேட்கும். கிண்ணம் அடியில் போய் இருந்ததும் "கிண்" என்று சத்தம் மாறும். அந்தச் சத்தத்தை நம்பி நாற்பது வருடம் தொழில் செய்தேன், ஒருநாளும் பிழை போனதில்லை.

அந்தத் திமிரும் கூடவே வளர்ந்தது. வவுனியாவில் உங்களில் ஒருவர் நீட்டுப் புரிக்கம்பி ஒன்றைக் கழுத்துக் குழாய்க்குள் விட்டு, இரண்டு பக்கமும் தட்டையான வட்டுகளைப் போட்டு, நட்டை முறுக்கி முறுக்கிக் கிண்ணத்தை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். அடியுமில்லை, சத்தமுமில்லை. "இதென்ன தம்பி, குழந்தைக்குச் சோறு தீத்திற மாதிரி" என்று வாடிக்கையாளர்களுக்கு முன்னால் சிரித்தேன். அவர் நட்டைத்தான் முறுக்கினார். கிழவன் புலம்பிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பார்.

முழங்கால் வருத்தத்தால் கராச்சை விட்டேன் என்று எல்லோருக்கும் சொன்னேன். முழங்கால் வருத்தம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் அதற்கு முன்பே வேறொன்று தொடங்கியிருந்தது. சனங்கள் எல்லாரும் வாய்க்குள்ளே கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். கடைக்காரர் வாய்க்குள்ளே விலை சொன்னார். வாடிக்கையாளர் வாய்க்குள்ளே குறை சொன்னார். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவர் வாய் நிறைய அரிசியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். என் மனைவி நாள் முழுக்க முணுமுணுத்தாள். இந்தக் காலத்துச் சனத்துக்கு வாய் திறந்து கதைக்கவும் பஞ்சி, அவ்வளவு சோம்பல் என்று நான் போகிற இடமெல்லாம் சொன்னேன். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஏன் இப்படி ஆனது என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. இவ்வளவு பெரிய மூளையை வைத்துக்கொண்டு யார் யோசிப்பார்கள்!

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு எங்கள் பகுதி மருத்துவமாது வந்தார். ஊரில் எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது வயதிருக்கும். செட்டிகுளத்துக்கு அங்கால், காட்டோரமாக இருக்கிற குடியிருப்புகளின் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அவர் பொறுப்பு. தகப்பன் ஓடிய பழைய தொண்ணூறு சிசி மோட்டார் சைக்கிளில்தான் அவ்வளவு இடமும் போய் வருவார்.

"ஐயா, ஹாண்டில் நடுவில கொளுவுது. நேர போகேக்கயே ஒரு பக்கம் இழுக்குது. கராச்சில காட்டினனான், ரெண்டு நாள் விட்டுட்டுப் போகச் சொல்லினம். எனக்கு இண்டைக்கு வேணும்."

"அப்பிடி என்ன அவசரம் மிஸ்?"

"குளத்துக்கு அங்கால ஒரு பிள்ளை. தலைப்பிள்ளை, எட்டாம் மாசம். போன கிளினிக்குக்கு வரேல்லை. அதுக்கு முதல் பாக்கேக்கயே பிரசர் ஏறத் துவங்கியிருந்தது. போனும் வேலை செய்யேல்லை. ஆட்டோக்காரர் அந்த ஒழுங்கைக்கு வர மாட்டினமாம். மத்தியானத்துக்குள்ள போய்ப் பாக்கோணும்."

புதுக் கோன் செற்றை அவரே வவுனியாவில் வாங்கி வந்திருந்தார். எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? "ரெண்டு நாளோ? ரெண்டு நாளில நான் ஒரு சைக்கிளையே புதுசாச் செய்திடுவன். ரெண்டரை மணித்தியாலம் தாங்கோ" என்றேன். நாங்கள் நானா என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு முஸ்லிம் மனிதருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகத்தான் சொன்னேன்.

கழற்றியது, கழுவியது, துடைத்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும், தெரியாவிட்டால் உங்கள் வீடியோவில் பாருங்கள். மிஸ் பத்தியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து தன் பதிவுப் புத்தகங்களில் எதையோ நிரப்பிக்கொண்டிருந்தார். என் மனைவி அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுக் குசினி வாசலில் நின்றாள். மேல் கிண்ணத்தை அடித்து இறக்கினேன். பிறகு கழுத்துக் குழாயின் கீழ்வாயில் கீழ்க் கிண்ணத்தை வைத்து அடித்தேன். பத்து அடி, பன்னிரண்டு அடி. போதும் என்று கை சொன்னது. குழாயைக் கீழே வைத்தேன்.

மிஸ் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"ஐயா, இது இன்னும் அடியில போய் இருக்கேல்லைப் போல கிடக்கு. மேல அடிக்கேக்க கடைசியில சத்தம் மாறினது. இது இன்னும் முதல் கேட்ட மாதிரித்தான் கேக்குது."

நாற்பது வருடத்தில் ஒரு வாடிக்கையாளர் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. எனக்கு உச்சிவரை ஏறியது.

"மிஸ், ஊசி எப்பிடிப் போடுறது எண்டு நான் ஒருநாளும் உங்களுக்குச் சொல்லித் தந்தனானோ?"

அவர் முகம் சுருங்கியது. திரும்பவும் புத்தகத்தில் குனிந்தார். நான் மரியாதைக்கு இன்னும் இரண்டு அடி போட்டுவிட்டு, கிறீசை அள்ளி அப்பி, குண்டுகளை அடுக்கி, எல்லாவற்றையும் பூட்டினேன். இறுக்கிய பிறகு ஹாண்டில் ஒரு விரலுக்குத் திரும்பியது. "பாருங்கோ, வெண்ணெய்" என்றேன். மிஸ் நன்றி சொல்லிவிட்டுப் பத்தே முக்காலுக்குப் புறப்பட்டார். நான் வாசலில் நின்று, சங்கக் கடைத் திருப்பத்தில் அவர் மறையும்வரை என் கைவேலையை ரசித்தேன்.

பிறகு கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். தோளில் யாரோ தட்டினார்கள். மனைவி.

"இஞ்சருங்கோ, சாப்பிட வாங்கோ எண்டு மூண்டு தரம் கூப்பிட்டாச்சு."

"கூப்பிடுறதெண்டால் வாயைத் திறந்து கூப்பிட வேணும்."

"திறந்துதான் கூப்பிட்டனான். பக்கத்து வீட்டு நானா தன்னையாக்கும் எண்டு வேலிக்கு மேலால எட்டிப் பாத்தவர்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தில் சிரிப்பில்லை. அவளை நான் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, எனக்கு நன்றாகக் கேட்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"மிஸ் சொன்னது சரி. மேல கிண் எண்டு வந்தது. கீழ வரேல்லை."

"உனக்கும் கேட்டதோ? அப்ப ஏன் சொல்லேல்லை?"

"அந்த மனிசி சொன்னதுக்கே கடிச்சுக் குதறினியள். நானும் வந்து வாங்கிக் கட்டவோ?"

பத்தியில் ஒரு தண்டவாளத் துண்டு கிடக்கிறது, அதுதான் என் பட்டறைக் கல். சுத்தியலை மனைவியிடம் கொடுத்து அதில் அடிக்கச் சொன்னேன். அடித்தாள். "என்ன சத்தம் கேட்டது?" என்றேன். "கோயில் மணி மாதிரிக் கிண் எண்டுது" என்றாள். எனக்கு மரக்கட்டையில் அடித்ததுபோல ஒரு டொக். இன்னொரு தரம் அடிக்கச் சொன்னேன். இன்னொரு டொக். அடி விழுவது கேட்கிறது. அதன் பின்னால் வருகிற அந்த மெல்லிய இழுவை எனக்கு இல்லை. எப்போதிருந்து இல்லை என்று எனக்குத் தெரியாது. மேல் கிண்ணம் உட்கார்ந்ததையும் நான் கேட்டிருக்கவில்லை, அது என் அதிர்ஷ்டத்துக்கு உட்கார்ந்திருக்கிறது.

இனிச் சொல்லப்போவதைத்தான் நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். மிஸ் புறப்பட்டு அப்போது இருபது நிமிடம். உடனே தொலைபேசியை எடுத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. கதிரையில் போய் இருந்தேன். இருந்துகொண்டு கதை கட்டினேன். ஒருவேளை கிண்ணம் இருந்திருக்கும். அரை நூல் அளவு இடைவெளி இருந்தால்தான் என்ன. அவர் மெதுவாகத்தான் ஓடுவார். கூப்பிட்டுச் சொன்னால் என்ன நினைப்பார், ஊசிக் கதை சொல்லி அவமானப்படுத்தியவன் இப்போது வந்து காது கேட்காது என்கிறானே என்று சிரிக்கமாட்டாரா. ஊரெல்லாம் கதை பரவாதா. ஒரு மனிதரின் கழுத்து முறியப்போகிறது, நான் என் மானத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறேன். பத்து நிமிடம் அப்படி இருந்தேன். அந்தப் பத்து நிமிடத்து என்னைப்போல உங்களில் யாரையும் நான் கேவலமாக நினைத்ததில்லை.

மனைவிதான் தொலைபேசியை என் கையில் திணித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, மிஸ் எடுக்கவில்லை. ஓடிக்கொண்டு எப்படி எடுப்பார்?

"வெக்கத்தைப் பிறகு பாப்பம். எழும்பிப் போங்கோ" என்றாள்.

எதில் போவது? நாற்பது வருடம் ஊரார் வாகனம் திருத்தியவனின் சொந்தச் சைக்கிள் இரண்டு வருடமாகப் பத்தியில் துண்டு துண்டாகக் கிடந்தது. பக்கத்து வீட்டு நானா, பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டரை, தன் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை, வயலுக்கு எடுக்க ஆயத்தமாக நின்றார். ஓடிப்போய் ஏறினேன். ஊரில் யாரும் வேகமாகப் போக அதில் ஏறுவதில்லை. அன்றைக்கு எனக்கு வேறு கதி இல்லை.

"எங்க அண்ணன்?"

"குளக்கட்டுக்கு! மிஸ் போற வழி! கெதியா விடுங்கோ!"

"ஏன், என்ன நடந்த?"

இயந்திரம் போட்ட சத்தத்துக்கு மேலால் கத்த வேண்டியிருந்தது. வேறு எப்படிச் சொல்வது? "எனக்குக் காது கேக்கேல்லை நானா! கிண்ணம் இருந்ததோ இல்லையோ எண்டு தெரியாமப் பூட்டி விட்டிட்டன்!"

நானா திரும்பி என்னைப் பார்த்தார். என் காதுக்குக் கிட்ட வாயைக் கொண்டுவந்து கத்தினார்:

"அது ஊருக்கே தெரியுமே அண்ணன். உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சிருக்கு!"

நான் மறைத்து வைத்திருந்த பெரிய இரகசியத்தின் நிலைமை இது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூட மற்றவர்களிடம்தான் மறைப்பான். நான் என்னிடமே மறைத்திருக்கிறேன், மற்ற எல்லோரும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

தார் வீதி முடிந்து கிரவல் தொடங்கியது. மழைக்குப் பிறகு அலை அலையாக மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற வீதி அது. பெட்டி குலுங்கிய ஒவ்வொரு குலுக்கலிலும் எனக்கு அந்தக் கிண்ணம் மேலே ஏறுவது தெரிந்தது. ஒவ்வொரு வாய்க்காலையும் எட்டிப் பார்த்தேன். ஒரு மதகடியில் மிஸ்ஸின் ஹெல்மெட் போல நீலமாக ஏதோ கிடந்தது, நிறுத்துங்கோ என்று கத்தினேன். பசளைப் பை. என் முகத்தை நானா பார்க்கக்கூடாது என்று வயல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அந்தக் கவலை.

குளக்கட்டு ஏறுகிற இடத்தில் மிஸ் நின்றார். சைக்கிள் சரிந்து கிடந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமல், முழங்கையைச் சுற்றித் தானே கட்டிய துணியைத் திரும்பவும் இறுக்கிக்கொண்டிருந்தார். முழங்கையிலும் சட்டையிலும் மண். நின்றது கட்டின் தொடக்கத்தில். இன்னும் கொஞ்சம் மேலே போயிருந்தால் ஒரு பக்கம் தண்ணீர், மற்றப் பக்கம் இரண்டு ஆள் உயரப் பள்ளம்.

"ஒரு ஆடு குறுக்கால வந்தது. பிறேக் பிடிச்சனான். டக் எண்டு ஒரு சத்தம், அதுக்குப் பிறகு முன்சில்லு தன்ர பாட்டுக்கு ஆடினது" என்றார். குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை, நோயாளி விபரம் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அது அடியைவிட மோசமாக இருந்தது.

"காது கேக்கேல்லை மிஸ். நீங்கள் சொன்னது சரி. எனக்குக் கேக்கேல்லை."

"தெரியும் ஐயா. அதைப் பிறகு கதைப்பம்." அவர் கட்டுக்கு அங்கால் பார்த்தார். "இன்னும் ரெண்டு கட்டை தூரம் கிடக்கு. உண்மையைச் சொல்லுங்கோ. இப்ப இதை இறுக்கித் தந்தால் நான் மெதுவா ஓடிப் போகலாமோ?"

தம்பிமாரே, சாவி என் காற்சட்டைப் பையில் இருந்தது. கிண்ணம் குலுங்கிக் குலுங்கி இப்போது முழுக்க உட்கார்ந்திருக்கலாம். அப்படியென்றால் மேல் நட்டை அரைச் சுற்று இறுக்கினால் சைக்கிள் உண்மையிலேயே சரி. இரண்டு நிமிட வேலை. மிஸ் நேரத்துக்குப் போய்ச் சேருவார், நானும் கொஞ்சம் மானத்தோடு வீடு போவேன். ஆனால் அது சரிந்தபடி பாதியில் நிற்கவும் கூடும். எதுவென்று அறிய எனக்கு இருந்த ஒரே வழி காது. வாடிக்கையாளரிடம் நான் ஒருநாளும் சொல்லாத சொல்லைச் சொல்ல வேண்டியிருந்தது.

"தெரியாது மிஸ்."

"தெரியாதெண்டால்?"

"ஓடலாமோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது. தெரியாமல் உங்களை ஏத்த மாட்டன்."

மிஸ் அதற்கு மேல் ஒரு கணம்கூட வீணாக்கவில்லை. பையைத் தூக்கி லாண்ட்மாஸ்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஏறினார். நானும் நானாவும் சைக்கிளைத் தூக்கிப் பின்னால் போட்டோம். நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன்.

குடியிருப்பில் கடைசி வீடு. மலைநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருக்கிற குடும்பம். மாமியார் ஓடி வந்தார். "வாங்க மிஸ், விடியலேருந்து தலவலின்னு கெடக்குது. கண்ணு மங்குதாம். மாத்திரை குடுத்தேன், கேக்கல." மிஸ் உள்ளே போனார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து, தொலைபேசியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு முற்றம் முழுக்க நடந்தார். வேலி மூலையில் தொடர்பு கிடைத்தது. அம்புலன்ஸ் கட்டுக்கு இந்தப் பக்கம் வராது, கிரவல் வீதிவரைதான் வரும் என்றார்கள்.

நாங்கள் சைக்கிளை இறக்கி அவர்கள் முற்றத்தில் வைத்தோம். பெட்டிக்குள் வைக்கோல் போட்டு, அதன்மேல் பாய் போட்டு அந்தப் பிள்ளையைப் படுக்க வைத்தார்கள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. மிஸ் கட்டுப்போட்ட கையால் அவளுடைய தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நானா லாண்ட்மாஸ்டரை முட்டையைக் கொண்டுபோவது போலக் கொண்டுபோனார். நான் பின்னால் நடந்தேன். பெட்டியில் இடமிருந்தது, ஆனால் எனக்கு ஏற மனம் வரவில்லை.

தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். சத்திர சிகிச்சை செய்து எடுத்தார்களாம், குழந்தை சிறிது, பெண் குழந்தை. இதை உங்களுக்கு முதலே சொல்லியிருக்கலாம். நீங்களும் கொஞ்ச நேரம் பயந்துகொண்டு இருக்கட்டும் என்றுதான் சொல்லவில்லை. ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டப் பிந்திப் போனோம். அந்த ஒரு மணித்தியாலம் என்னுடையது. பிந்தியதால் என்ன ஆகியிருக்கும் என்று மிஸ்ஸிடம் ஒரு தரம் கேட்டேன். "அது உங்களுக்குத் தேவையில்லை" என்றார்.

உங்கள் புரிக்கம்பி நல்லது, ஒத்துக்கொள்கிறேன். அதைப் பிடிக்கிறவனுக்குக் காது தேவையில்லை. கம்பி இல்லாவிட்டாலும், கிறீஸ் அப்புவதற்கு முதல் கிண்ண விளிம்பில் விரல் நகத்தை வைத்துப் பாருங்கள். இடுக்கில் நகம் போனால் கிண்ணம் இருக்கவில்லை. இவ்வளவு லேசான விஷயத்தை நாற்பது வருடத்தில், இந்தக் கதை முடியும்வரை, நான் ஒரு தரமும் செய்து பார்க்கவில்லை, ஏனென்றால் எனக்குத்தான் காது இருக்கிறதே! இதைவிட முக்கியமானது ஒன்று. பக்கத்தில் நிற்கிறவர் "அண்ணை, இது சரியில்லைப் போல" என்றால் கடிக்காதீர்கள். ஒருவரைக் கடித்தால் பத்துப் பேர் வாயை மூடுவார்கள். என் சொந்த மனைவி குசினி வாசலில் நின்றுகொண்டு வாயை மூடினாள். இதைக்கூடச் செய்ய முடியாதென்றால் போய்ச் சுவரில் சாவிகளுக்குப் படம் வரையுங்கள், அதில் ஒருவருக்கும் ஆபத்தில்லை.

மூன்றாம் நாள் நானா அந்தச் சைக்கிளை ஏற்றி வந்தார். மிஸ்ஸும் வந்தார். முழங்கையில் வெள்ளைக் கட்டு. நான் அவருக்கு முன்னால் போய் நின்று, நான் தொடமாட்டேன், கராச்சுக்குக் கொண்டுபோங்கள், இரண்டு நாளென்றாலும் அவர்கள் ஒழுங்காகச் செய்வார்கள் என்றேன். அதைச் சொல்வதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"எனக்கு நாளைக்குக் கிளினிக் கிடக்கு" என்றார் மிஸ். "கழட்டுங்கோ."

"மிஸ், எனக்குக் கேக்காது."

"எனக்குக் கேக்கும். வயித்துக்குள்ள இருக்கிற பிள்ளையின்ர இதயத்தை நான் காதாலதான் கேக்கிறனான். இரும்பு கேக்காதோ?"

கழற்றினேன். கிண்ணம் சரிந்துதான் நின்றது, ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் ஏறாமல். அன்றைக்குக் குளக்கட்டில் வைத்து இறுக்கிக் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அதைப் பார்த்ததும் விளங்கியது. மிஸ்ஸுக்கும் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுக் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். இந்த முறை மடியில் புத்தகம் இல்லை.

"அடியுங்கோ ஐயா. நான் சொல்லுறன்."

கிண்ணத்தை நேராக்கி வைத்து அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் அவருடைய வாயைப் பார்த்தேன்.

"இல்லை."

அடித்தேன்.

"இல்லை. இன்னும்."

அடித்தேன்.

"கிட்ட வந்திட்டுது."

இன்னும் இரண்டு அடி. எனக்கு எல்லாம் ஒரே டொக் தான்.

"காணும், போதும். மாறிட்டுது."

எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை. கிண்ணம் இருக்கவில்லை என்றுதான் என் மனம் சொன்னது. கை தன்பாட்டில் இன்னொரு அடிக்கு உயர்ந்தது. மிஸ் எழும்பி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"காணும் எண்டு சொன்னனான்."

சுத்தியலைக் கீழே வைத்தேன். இன்னொருவர் சொல்லி நான் சுத்தியலைக் கீழே வைத்தது அதுதான் முதல் தடவை.